சாப், மோகோர், மெத்தெராய்: ஒரு தாளைச் செல்ல வைக்கும் சொற்கள்

நோன்பு மாதமும் நோன்புப் பெருநாளும் நெருங்கும்போது, பிறை பார்க்கும் மாலையில் மலேசியத் தொலைக்காட்சியில் ஒருவர் வந்து அறிவிப்பு வாசிப்பார். மறுநாள் விடுமுறையா இல்லையா என்று தெரிந்துகொள்ள நம் வீடுகளிலும் டிவி முன்னால் காத்திருப்போம். அவருடைய பதவிப் பெயரை ஊன்றிக் கவனித்தவர்கள் குறைவு: 'பென்யிம்பான் மோகோர் பெசார் ராஜா-ராஜா'. மலாய் ஆட்சியாளர்களின் பெரிய முத்திரையைக் காப்பவர் என்று பொருள். பிறைச் செய்தி சொல்ல முத்திரை காப்பவர் எதற்கு? ஆட்சியாளர்கள் மன்றத்தின் செயலாளரும் அவர்தான். மாமன்னர் ஆணைப்படி என்று சொல்லி அவர் வாசித்தால்தான் அது அறிவிப்பு. முத்திரை யார் கையில் இருக்கிறதோ அவர் வாயில்தான் அரச வார்த்தை வரும் என்ற பழைய கணக்கு இன்னும் நடப்பில் இருக்கிறது.

அந்த 'மோகோர்' பாரசீகச் சொல். முஹ்ர் என்றால் முத்திரை. மொகலாயர் காலத் தங்கக் காசுக்கு மோகர் என்று பெயர் வந்ததும் இதிலிருந்துதான், காசின்மேல் அரசனின் முத்திரை அழுத்தப்பட்டிருப்பதால். மலாய்க்காரர்கள் அதோடு இன்னொரு சொல்லையும் சேர்த்து 'சாப் மோகோர்' என்பார்கள். பேராக் அரச சின்னங்களில் 'சாப் ஹாலிலிந்தார்' என்ற இடி முத்திரையும் உண்டு. இந்தச் சாப் எங்கிருந்து வந்தது என்று தேடினால் கதை பினாங்குத் துறைமுகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறது.

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ கடை, கம்பெனி, கோயில் நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று எதை நடத்தினாலும் சாப் வேண்டும். 'சாப் அடிச்சாச்சா?' என்று கேட்காத கவுண்டர் கிடையாது. பலர் இதைச் சீனச் சொல் என்று நினைக்கிறார்கள். சீன முதலாளிகள் மேசையில் எப்போதும் சாப் இருக்கும், பினாங்கின் பழைய சீனக் கடைப் பெயர்களும் 'சாப்' என்றுதான் தொடங்கும். அதனால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அதன் வேர் இந்தியில் இருக்கிறது. 'சாப்' என்றால் அழுத்திப் பதித்த அச்சு. அச்சுக்கூடத்தை வடக்கே 'சாப்பாகானா' என்பார்கள். தமிழிலும் முத்திரைக்குச் 'சாப்பா' என்ற சொல் வழங்கியது. வணிகக் கப்பல்களோடு மலாய்க்கு வந்து 'சாப்' ஆனது. அங்கிருந்து ஐரோப்பிய வணிகர்கள் வாயில் ஏறித் தென்சீனத் துறைமுகமான கான்டன் வரை போனது.

கான்டனில் இந்தச் சொல் பட்ட பாடு சுவாரசியமானது. வெளிநாட்டுக் கப்பல் தீர்வை எல்லாம் கட்டி முடித்ததும் சீனச் சுங்க அதிகாரி கொடுக்கும் அனுமதிச் சீட்டுக்கு 'கிராண்ட் சாப்' என்று பெயர். அது கையில் இல்லாமல் ஆற்றுமுகக் கோட்டைகளைத் தாண்டி எந்தக் கப்பலும் போக முடியாது. சரக்கு ஏற்றி இறக்கும் படகு 'சாப் போட்'. ஒரே குறி போட்ட தேயிலைப் பெட்டிகளின் தொகுதி ஒரு 'சாப்'. முதல் குறி போட்ட தேயிலை உசத்தி என்பதால் ஆங்கிலேயர்கள் எதையும் உசத்தி என்று சொல்ல 'ஃபர்ஸ்ட் சாப்' என்று பேசத் தொடங்கினார்கள். 1886ல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதியான ஹாப்சன்-ஜாப்சன் இதையெல்லாம் ஒரே பதிவில் அடுக்குகிறது. இந்தியாவில் துணியிலும் தாளிலும் அழுத்திய அச்சு, சீனத்தில் கப்பலையே நிறுத்தும் அதிகாரமாகிவிட்டது.

மலாயில் அது இன்னொரு பக்கமும் கிளை விட்டது. இங்கே சாப் என்றால் வணிகக் குறியும்தான். தமிழ்நாட்டு உறவினர்கள் ஊருக்கு வரும்போது மறக்காமல் வாங்கிவரச் சொல்லும் கோடாலி தைலம், இங்கே கடையில் 'மின்யாக் சாப் காப்பாக்'. காப்பாக் என்றால் கோடாலி. சேவல், யானை, புலி, ரயில் என்று எத்தனையோ சாப்கள். காரணம் எளிது. பினாங்கின் ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் ஜாவி (அரபு எழுத்தில் எழுதும் மலாய்), சீனம், தமிழ், ஆங்கிலம் என்று எழுத்துகள் நாலு விதம். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எந்த எழுத்தும் தெரியாது. கோடாலிப் படம் எல்லோருக்கும் தெரியும். அரண்மனை முத்திரைக்கும் தைலக் குப்பியின் படத்துக்கும் ஒரே சொல் வந்ததில் எனக்கு வியப்பில்லை. இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான்: இதற்கு இன்னார் பொறுப்பு என்று முன்பின் அறியாதவரிடம் சொல்வது.

எழுதத் தெரியாதவரின் சாப் அவர் கையிலேயே இருந்தது. 'சாப் ஜாரி', விரல் முத்திரை. நம் வழக்கில் கைநாட்டு. தோட்டத்துச் சம்பளப் புத்தகத்திலிருந்து நிலப்பத்திரம் வரை பெருவிரலை மையில் தோய்த்து வைத்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். தமிழில் கைநாட்டு என்றால் படிக்காதவர் என்ற இளக்காரம் ஒட்டிக்கொண்டது. இப்போது 2001ல் வந்த மைகார்டு அடையாள அட்டையின் சில்லுக்குள் பேராசிரியர் முதல் அமைச்சர் வரை எல்லோருடைய பெருவிரல் ரேகையும் இருக்கிறது. வங்கியில் கருவிமேல் விரலை வைக்கும்போது யாரும் கூச்சப்படுவதில்லை.

இனி நம் சரக்கு.

மலாய் நாளிதழ்களில் இரண்டு நிறுவனங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டால் 'மெமெத்தெராய் பெர்ஜான்ஜியான்' என்று எழுதுவார்கள். ஒப்பந்தத்துக்கு மெத்தெராய் இட்டார்கள் என்று அர்த்தம். இந்தோனேசியாவில் பத்திரங்களில் ஒட்டும் வரிவில்லைக்கும் மெத்தெராய் என்றுதான் பெயர். இந்த மெத்தெராய் வேறொன்றுமில்லை, நம் முத்திரைதான். முத்ரா என்ற வடசொல் தமிழில் முத்திரையாகி, தமிழ் வணிகர் வழியாக மலாய்க்குப் போனது. தனியாகப் போகவில்லை. கடை 'கெடாய்' ஆனது, கப்பல் 'காப்பால்' ஆனது, பெட்டி 'பெத்தி' ஆனது, முதல் 'மோடால்' ஆனது. கப்பலில் பெட்டியை ஏற்றி, முதல் போட்டுக் கடை வைக்கிறவனுக்கு முத்திரையும் வேண்டுமல்லவா? ஒரு தொழிலின் சொற்கள் மொத்தமாகவே குடிபெயர்ந்திருக்கின்றன.

முத்திரை என்ற சொல் வடக்கிலிருந்து வந்திருக்கலாம், பழக்கம் இங்கே பழையது. தமிழில் 'பொறி' என்றாலே குறி, முத்திரை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கக் காட்சி வருகிறது. கடலிலிருந்து கரைக்கு ஏறும் பண்டமும், கரையிலிருந்து கடலுக்குப் போகும் பண்டமும் அளவில்லாமல் வந்து குவிகின்றன. சுங்கக்காரர்கள் அவற்றின்மேல் 'புலி பொறித்துப் புறம்போக்கி' மூட்டை மூட்டையாக அனுப்புகிறார்கள். புலி சோழனின் சின்னம். புலி விழுந்தால் சரக்கு வெளியே போகலாம். அதே பாட்டில் அந்தத் துறைமுகத்துக்கு வந்த பொருள்களின் பட்டியலில் 'காழகத்து ஆக்கம்' இருக்கிறது. உரைகாரர் நச்சினார்க்கினியர் காழகம் என்பதைக் கடாரம் என்கிறார். கடாரம் என்பது கெடா. பினாங்குப் படகுத்துறையில் நின்றால் எதிர்க்கரைக்கு வடக்கே இருக்கும் அதே மண். நச்சினார்க்கினியரை நம்பினால், கெடாவின் சரக்கு சோழநாட்டுப் புலிமுத்திரை வாங்கி ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டாகிறது.

கெடாவும் முத்திரையும் சேரும் இன்னொரு இடம் ஆனைமங்கலம் செப்பேடு. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் புத்த விகாரம் கட்டினான். முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அந்த விகாரத்துக்கு விட்டான். அரசன் வாயால் சொன்னான், சரி. சொன்னால் போதுமா? திருமந்திர ஓலை எழுதும் அதிகாரி அதை ஓலையில் எழுத வேண்டும், மேலதிகாரிகள் ஒப்பிட வேண்டும், வரிக்கணக்கில் பதிய வேண்டும், ஊரார் எல்லையைச் சுற்றிக் காட்ட வேண்டும். பிறகு மகன் இராசேந்திரன் அதைச் செப்பேட்டில் வெட்டுவித்தான். 21 ஏடுகள், அவற்றைக் கோத்த பெரிய வளையம், வளையத்தின் வாயைப் பூட்டிய சோழ முத்திரை. முத்திரையில் புலி, பாண்டியனின் மீன், சேரனின் வில். மூவர் அதிகாரமும் என்னிடம் என்று சொல்லும் சின்னம். ஏட்டைக் கழற்றி நடுவில் பொய் ஏட்டைச் செருக முடியாதபடி பூட்டியது அந்த முத்திரைதான். அந்தச் செப்பேடு டச்சுக்காரர்கள் கைக்குப் போய் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததால் வரலாற்று நூல்களில் லைடன் செப்பேடு என்ற பெயரும் நிலைத்தது. இதே இராசேந்திரன் 1025 வாக்கில் கடாரத்தின்மேல் கப்பற்படை அனுப்பினான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முத்திரை போட்டால் தானம் நிற்கும், நட்பு நிற்க வேண்டும் என்று எந்த ஏட்டிலும் எழுதவில்லை.

மலாய் அரசர்களின் முத்திரையிடும் முறை வேறு. உலோக முத்திரையை விளக்குச் சுடரில் காட்டிக் கரி பிடிக்கவைத்துத் தாளில் அழுத்துவார்கள். 1786ல் பினாங்கில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை ஏற்றிய பிரான்சிஸ் லைட்டுக்கு மலாய் அரசர்களும் வணிகர்களும் எழுதிய கடிதங்கள் லண்டனில் இருக்கின்றன. அந்தக் காலக் கடிதங்களில் முத்திரை தாளின் எந்த இடத்தில் விழுகிறது என்பதை வைத்தே அனுப்பியவர் பெரியவரா, பெறுபவர் பெரியவரா என்று தெரிந்துகொள்ளலாம். கொஞ்சம் கீழே வைத்தால் பணிவு. இந்த நாகரிகம் ரப்பர் ஸ்டாம்ப்போடு தொலைந்துபோனது. இப்போது கையெழுத்தை மறைக்காமல் விழுந்தால் அதுவே பெரிய விஷயம்.

மெத்தெராயைவிட எனக்குப் பிடித்த கடன்சொல் ஒன்று இருக்கிறது: 'மூத்து'. மலாயில் தரம் என்று பொருள். தரமான பொருள் 'பெர்மூத்து'. இதன் மூலம் தமிழ் 'மாற்று', தங்கத்தின் உரைமாற்று. பத்தரைமாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த மாற்று. மலாயிலும் சுத்தத் தங்கத்தை 'எமாஸ் செபூலூ மூத்து', பத்து மாற்றுத் தங்கம் என்பார்கள். முத்திரை மேலிருந்து விழுவது. மாற்றைக் கண்டுபிடிக்கக் கல்லில் உரசிப் பார்க்க வேண்டும். உரைகல்லுக்கு அரசன் யார், ஆண்டி யார் என்று தெரியாது. பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கமும் நகைக்கடையில் நிற்கும் பெண்கள் இன்று 'நைன் ஒன் சிக்ஸ்தானே?' என்று கேட்பதும் அதே மாற்றுதான். ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், 22 காரட். அந்த எண்ணை நகையில் பொறிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். மாற்றைச் சொல்லவும் கடைசியில் ஒரு பொறி தேவைப்பட்டது. மின்சாதனங்களில் தரச்சான்று நிறுவனமான சிரிமின் ஒட்டுத்தாள் தேடுவதும், உணவுக் கடையில் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் ஹலால் சின்னம் தேடுவதும் இந்த வகைதான். யாரோ நமக்காக உரசிப் பார்த்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கை.

அரபு வழியாக வந்தவை இரண்டு. 'சாஹ்' என்றால் செல்லுபடியானது. அரபு வேரில் அது நலம், குறையின்மை. 'சீஹாட்' என்று மலாயில் உடல்நலம் விசாரிக்கிறோமே, அதே வேர். செல்லுபடியான பத்திரம் என்றால் நோயில்லாத பத்திரம். (நம் 'சரி'க்கும் இதற்கும் ஒலி ஒட்டினாலும் உறவு கிடையாது.) பரீட்சைச் சான்றிதழின் நகலைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியரையோ ஜே.பி. எனும் சமாதான நீதிபதியையோ தேடி அலைந்தவர்களுக்கு 'சாலினான் டியாகூய் சாஹ்', அதாவது 'உறுதிசெய்யப்பட்ட நகல்' என்ற நீல மை முத்திரையின் அருமை தெரியும். அசல் கையில் இருக்கும், இருந்தும் நகலை நகல் என்று இன்னொருவர் சொல்ல வேண்டும்.

மற்றது 'ரஸ்மி', அதிகாரப்பூர்வம். அரபு 'ரஸ்ம்' என்றால் வரைந்த கோடு, சுவடு. பார்ப்பதற்கு அருவமான சொல், அதுவும் தாளில் விழுந்த தடத்திலிருந்து பிறந்ததே. இங்கே மண்டபம் கட்டி ஆறு மாதம் கல்யாணம், காதுகுத்து எல்லாம் நடந்த பிறகு அமைச்சர் வந்து பலகையில் கையெழுத்துப் போட்டு 'ரஸ்மி' செய்வார். நாளிதழில் 'அதிகாரப்பூர்வமாகத் திறந்துவைத்தார்' என்று வரும். அதுவரை நடந்தவை எந்த மண்டபத்தில் நடந்தன என்று கேட்கக் கூடாது.

தமிழில் இதற்கெல்லாம் நாம் பயன்படுத்தும் பெரிய சொல் 'அங்கீகாரம்'. வடமொழியில் பிரித்தால் தன் அங்கமாக ஆக்கிக்கொள்வது. மற்ற சொற்கள் எல்லாம் தாளைப் பற்றியவை. இது உடம்பைப் பற்றியது. பிள்ளையை மேற்படிப்புக்கு அனுப்பும் பெற்றோர் கல்லூரியின் கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் 'எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கா?' என்று கேட்பார்கள். 2007ல் அமைந்த மலேசியத் தகுதிநிலை நிறுவனத்தின் பட்டியலில் அந்தப் படிப்பு இல்லையென்றால், பட்டத்தில் எத்தனை முத்திரை மின்னினாலும் அரசு வேலைக்கு உதவாது. மருத்துவப் படிப்புக்கு மருத்துவ மன்றத்தின் பட்டியல் தனி. வெளிநாட்டில் ஐந்தாறு ஆண்டு படித்துவிட்டுத் திரும்பிய பிறகு பட்டியலைப் பார்ப்பது பல குடும்பங்களை உலுக்கிய விஷயம். இதைவிடக் கனமான இடம் அடையாள அட்டை. 1948ல் அவசரகாலத்தில் அட்டை வந்தது. இன்று நீல அட்டை குடிமகன், சிவப்பு அட்டை நிரந்தரவாசி. இந்த நாட்டிலேயே பிறந்து, ரப்பர் வெட்டி, பேரன் பேத்தி எடுத்தும் சிவப்பு அட்டையோடு இருக்கும் முதியவர்கள் நம் சமூகத்தில் உண்டு. அவர்களிடம் அங்கீகாரம் என்றால் அங்கமாதல் என்று சொற்பிறப்பு சொல்லிக்கொண்டு நிற்க எனக்குத் துணிவில்லை.

இத்தனை சொற்களும் ஒரு பக்கம். தமிழில் சாதாரணமாகப் பேசும்போது நாம் இவற்றில் எதையும் தொடுவதில்லை. 'செல்லும்', 'செல்லாது' என்று முடித்துவிடுகிறோம். செல்லாக் காசு, செல்லாத நோட்டு, செல்லுபடி. கையிலிருந்து கைக்குப் போனால் செல்லும், வாங்க ஆளில்லை என்றால் செல்லாது. மலாயில் இதற்கு நேர்ச்சொல் 'லாக்கு'. விலைபோகும், ஏற்கப்படும். உரிமம், கடவுச்சீட்டு எதை எடுத்தாலும் 'தெம்போ சாஹ் லாக்கு', செல்லுபடியாகும் காலம் என்று அச்சடித்திருக்கும். சாஹ் மேலே உள்ளவர் சொல்வது, லாக்கு தெருவில் உள்ளவர் சொல்வது. இரண்டையும் ஒட்டவைத்துத்தான் காலக்கெடு என்கிறார்கள். முன்பு இந்த மண்ணில் இரண்டும் பிரிந்து நின்ற காலங்கள் இருந்தன.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட காலத்தில் அதன் அதிகாரப்பூர்வ நாணயம் ரூபாய். பினாங்குக் கடைத்தெரு அதைச் சட்டை செய்யவில்லை. அங்கே ஓடியது ஸ்பானிய வெள்ளி டாலர், பிறகு மெக்சிகோ டாலர். எங்கோ மறு கோடியில் அடித்த காசு. அதைச் செல்ல வைத்தவர்களில் சீன வணிகர்கள் முக்கியம். வெள்ளி சுத்தமானதுதான் என்று பார்த்து ஒவ்வொரு வணிகரும் தன் சின்னச் சாப்பைக் காசில் குத்திவிடுவார். பல கை மாறிய காசில் மன்னர் முகம் தெரியாத அளவுக்குக் குத்து விழுந்திருக்கும். மன்னர் முகத்தைவிட அந்தக் குத்துகளுக்கு மதிப்பு. 1867ல் நீரிணைக் குடியேற்றங்கள் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) நேரடியாக லண்டன் ஆட்சிக்குப் போன பிறகுதான் சட்டம் கடைத்தெருவைப் பின்தொடர்ந்து டாலரை ஏற்றுக்கொண்டது.

ஜப்பானியர் காலத்தில் இது தலைகீழ். பத்து டாலர் நோட்டில் வாழைமரம், அதனால் 'டூயிட் பீசாங்', வாழைப் பணம். அரசே அடித்தது, மறுத்தால் உயிருக்கு ஆபத்து. அச்சடித்துக்கொண்டே போனார்கள், பிற்பாடு வந்தவற்றில் வரிசை எண்கூட இல்லை. போர் முடியுமுன்பே மதிப்பு கரைந்தது. 1945ல் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் அது வெறும் தாள் ஆனது. ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் வேலை செய்து உயிர் பிழைத்து வந்தவர்களின் கூலியும் அந்தத் தாளில்தான் இருந்தது. சில வீடுகளில் இன்னும் டிரங்குப் பெட்டிக்குள் கட்டாகக் கிடக்கிறது.

இப்போது சாப் தேவையில்லாத காலம் வருகிறது என்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரைவரி கட்டுவதை 'மாத்தி செத்தெம்' என்பது இங்குள்ள பேச்சு. மாத்தி என்றால் செத்துப்போனது. வில்லையை ஒருமுறை ஒட்டி அதன்மேல் முத்திரை குத்திவிட்டால் மறுபடி பயன்படாது, அதனால் அது செத்த ஸ்டாம்ப். இன்று வரியை இணையத்தில் கட்டினால் சான்றிதழ் வந்துவிடும். ஒட்டவும் வேண்டாம், சாகடிக்கவும் வேண்டாம். கம்பெனிகளுக்கு 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் உலோகப் பொதுமுத்திரையைக் கட்டாயத்திலிருந்து விலக்கிவிட்டது, வைத்துக்கொள்ள விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் கோலாலம்பூரில் ரப்பர் ஸ்டாம்ப் செய்பவருக்கு வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. புதிதாகக் கம்பெனி பதிந்தவர் வங்கிக்குப் போவதற்கு முன் அவர் கடைக்குத்தான் போகிறார்.